தோளில் நாலு விரல்

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. பிரிண்டர் ஹெட் துடைக்கணும். கறுப்பு இங்க் சொல்லணும். மே தின ஃப்ளெக்ஸ் ஆர்டர் எல்லாம் கடைசி நாளில்தான் வந்து கழுத்தை நெரிக்கும்.

துரை வந்தார். சுமைத் தொழிலாளர் சங்கத்தில் என் அண்ணன் செயலாளர், இவர் துணைச் செயலாளர். ஒரே லாரியில் மூட்டை இறக்கியவர்கள். மே தினத்துக்கு வீதி நாடகம் எழுதியிருக்கிறாராம். பின்னால் கட்ட ஒரு பஸ் படம் வேண்டும். டிரைவர் சீட் காலியாக.

"டிரைவர் எங்கண்ணே?"

"ஜனங்க இறக்கி விட்டுட்டாங்க செல்வி. அங்கதான் கதையே ஆரம்பிக்குது."

கதை: பயணிகளை அடித்து, இருப்பதைப் பிடுங்குகிற டிரைவர். எல்லோரும் சேர்ந்து இறக்கிவிடுகிறார்கள். இனி பஸ் எல்லோருக்கும் பொது. இப்போதைக்கு என்று ஒருத்தன் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பஸ் எங்கே போகிறது என்று கேட்டவனை ஜன்னல் வழியாக வெளியே வீசுகிறான். நின்றுபோன பஸ்ஸைத் தள்ளிவிட்டவர்கள் மேலேயே கடைசியில் பஸ்ஸை ஏற்றுகிறான்.

"யாரு கதைண்ணே இது?"

"ரஷ்யா. நூறு வருசத்துக்கு முன்னாடி நடந்தது."

ரொட்டி வரிசையில் நின்ற பொம்பளைகள் தொடங்கிவைத்தார்களாம். ராஜாவுக்குப் பதவி போனது. பிறகு அவனையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் ஒரு நிலவறையில் நிற்கவைத்துச் சுட்டார்கள். டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இங்க் வந்தது. கரண்ட் இரண்டு தடவை போனது.

கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் ரஷ்யாதான். புரட்சியில் முன்வரிசையில் நின்ற கப்பற்படைக்காரர்கள் பிற்பாடு எங்களுக்கும் பேச உரிமை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். உறைந்த கடல்மேல் நடந்துபோய் அவர்களைச் சுட்டது அவர்களுடைய சொந்தப் புரட்சியின் படையே. ஐஸ் எல்லாம் ரத்தம்.

இன்னொன்று. கால்வாய் ஓரமாக ரஷ்யத் தலைவரும் ஒரு பெரிய அதிகாரியும் நிற்கிற படம். அதிகாரியைக் கொன்றபிறகு அவர் நின்ற இடத்தில் தண்ணீரை வரைந்துவிட்டார்கள். அடப்பாவி, எங்கள் தொழில்காரன்! கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எவ்வளவு சுத்தமான வேலை. இப்படி வியந்ததற்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் ஒத்திகை. காய்கறிப் பையோடு போன ஒரு மாமி நின்று பார்த்தார்.

"ஏன்டாப்பா, தள்ளினவா மேலயேவா பஸ்ஸ ஏத்துவா?"

"ஏத்துனாங்க மாமி" என்றார் துரை.

"பெருமாளே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

அண்ணனின் கையாள் பாபுவும் வந்திருந்தான். சிரிக்கவில்லை. "புது டிரைவரு துண்ட உதறித் தோள்ல போடறது நம்ம செயலாளர் மாதிரியே இருக்கே" என்றான்.

அச்சு அசல் அண்ணன்தான். நானும் கவனித்தேன்.

ஏப்ரல் 26, சனி

துரையைச் சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். கை தூக்கச் சொன்னார்களாம், எல்லோரும் தூக்கினார்களாம்.

மத்தியானம் அண்ணன் கடைக்கு வந்தார். வழக்கமான மே தினப் படம்தான் வேண்டும். ஸ்டிரைக் சமயத்தில் முதலாளியின் ரௌடிகளிடம் அடி வாங்கிய அன்று எடுத்தது. அண்ணன் தலையில் கட்டு, துரை சட்டை முழுக்க ரத்தம், இரண்டு பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். வருஷா வருஷம் இதைத்தான் அடிக்கிறேன்.

"துரைய எடுத்துடு."

"எடுத்துடுன்னா?"

"படத்துலேர்ந்து எடுத்துடு. நாடகமும் கிடையாது, சொல்லிட்டேன்."

"அண்ணே, அது ரஷ்யாவப் பத்துன நாடகம்."

"என் துண்டு எப்ப ரஷ்யா போச்சு?"

எடுத்தேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அண்ணனிடம் அந்தச் சொல் எனக்கு இதுவரை வந்ததில்லை. துரை நின்ற இடத்தில் சிவப்புக் கொடியை இழுத்துவிட்டேன். கரண்ட் போகுமோ என்று அவசர அவசரமாகச் செய்தேன். கால்வாய்த் தண்ணீர் ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

தலைவலி. தோசை மாவு புளித்துவிட்டது.

ஃப்ளெக்ஸைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் காலையிலேயே கூட்டம்.

"செயலாளர் தோள்ல யாருய்யா கைய வச்சிருக்கா?"

"பேய் புடிச்சிருக்குப்பா!"

அந்தப் படத்தில் துரை அண்ணனின் முதுகுக்குப் பின்னால் கையைப் போட்டு அணைத்திருக்கிறார். முகம், உடம்பு எல்லாம் இந்தப் பக்கம். அந்தப் பக்கத் தோளில் நாலு விரல் மட்டும் எட்டிப் பார்க்கும். இந்தப் பக்கம் சுத்தமாகத் துடைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மறந்துவிட்டேன். ஆளில்லாமல் நாலு விரல், எட்டடி உயரப் படத்தில்.

பாபு வந்து கத்தியால் கிழித்து இறக்கினான். ஊரே சிரித்தது. அண்ணன் போனில், "வேணும்னே பண்ணுனியா?" இல்லை என்று சொன்னதை நம்பவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

இதை எழுதியே ஆகணும்.

மே தினத்தில் விடமாட்டார்கள் என்று துரை இன்றைக்கே காட்டூரில் நாடகத்தைப் போட்டார். பஸ் படத்தை நான்தான் கட்டினேன். பஸ்ஸைத் தள்ளுகிற காட்சி. லோடு ஆட்டோவிலிருந்து ஆறேழு பேர் குதித்தார்கள். எல்லோருமே தெரிந்த முகங்கள், என் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள்.

துரையைக் கீழே தள்ளி வயிற்றில் மிதித்தார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்! நான் கத்தினேன். அதையும் நாடகம் என்றே நினைத்தார்கள்.

"செயலாளர் தோள்ல இருந்த கை எதுடா? வலது கைதானே? புடிங்கடா" என்றான் பாபு. இரண்டு பேர் அந்தக் கையை இழுத்துச் சாக்கடை மூடிமேல் வைத்தார்கள். மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியைத் திருப்பிப் பிடித்து இடித்தான். மறுபடி இடித்தான். அப்புறம் முனையால் குத்தினான். அந்தச் சத்தத்தில்தான் கைதட்டல் நின்றது.

அவர் கையை என் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போனோம். வழியெல்லாம், "வசனத்தப் பாதில விட்டுட்டேன் செல்வி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் துரையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

துரை கண் விழித்ததும் கேட்டது: "அவன் வந்தானா?"

அண்ணனைத்தான் கேட்கிறார். இன்னமும்.

போலீஸ் கேட்டார்கள். பாபு பேரைச் சொன்னேன். கூட வந்தவர்கள் பேரையும் சொன்னேன். அனுப்பியது யார் என்றார்கள். தெரியாது என்றேன்.

வார்டில் ஃபேன் சுற்றவில்லை. துரை சம்சாரம் என் முகத்தையே பார்க்கவில்லை. அந்த விரல்களை ஒழுங்காக அழித்திருந்தால் இந்த விரல்கள் இருந்திருக்கும். ஆளையே அழிக்காமல் விட்டிருந்தாலும் இருந்திருக்கும். அதைத்தான் செய்திருக்கணும்.

ஏப்ரல் 30, புதன்

துப்பட்டா ஊறப்போட்டது. கறை போகவில்லை.

அண்ணன் கடைக்கு வந்தார்.

"நீங்கதான் அனுப்புனீங்களா?"

"மெரட்டத்தாம்மா சொன்னேன். அவன் ஓவரா பண்ணிட்டான்." பிரிண்டர் பக்கம் திரும்பி, "நாளைக்கு மே தினம். அந்த வெரல எடுத்துட்டு மறுபடி அடி."

"எடுத்தாச்சேண்ணே, ஆஸ்பத்திரியில."

அறைந்தார். உதடு கிழிந்தது. சின்ன வயதில்கூட என்னை அடிக்காத அண்ணன்.

பழைய ஃபைலைத் திறந்தேன், கை வைக்காத படம். பிரிண்ட் கொடுத்தேன். மேலிருந்து கோடு கோடாக வந்தது. வானம். கொடி. அண்ணன் தலைக்கட்டு. பக்கத்திலேயே துரையின் தலை. அண்ணன் துண்டை மேஜையில் எறிந்துவிட்டு வயரைப் பிடுங்கினார். பாதியை வெட்டி எறிந்துவிட்டு வயரைச் சொருகி முதலிலிருந்து அடித்தேன். மறுபடி பிடுங்கினார். மறுபடி அடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

மூன்றாம் தடவை வயர்மேல் கை வைத்தார். பிடுங்கவில்லை. இரண்டு முகமும் வந்தன, சிரித்தபடி. அப்புறம் தோள். விரல்கள் வர ஆரம்பித்ததும் அண்ணன் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். துண்டை எடுக்காமலே வெளியே போய்விட்டார்.

காலையில் போலீஸிடம் போய், சொல்லாமல் விட்ட அந்த ஒரு பேரையும் சொல்லணும். அதற்கு முன்னால் இதைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கட்டணும். கயிறு இருக்கிறது. ஏணியைப் பிடிக்க ஆள் கேட்டேன், யாரும் வரவில்லை.