குளிர் அறையை மூடும் முன்

மார்ச் 4
இறால் லோடு பாதி உருகி வந்தது. திருப்பி அனுப்பினேன். உருகினதை மறுபடி உறைய வைத்து விற்கிறவள் இல்லை நான்.
பிறகு ஆஸ்பத்திரி. கழுத்துக் கட்டி புற்றுநோய்தான். மருந்து ஏற்றினால் கருமுட்டைகளும் அழிந்துபோகலாமாம். "குழந்தை வேணும்னா முன்னாடியே எடுத்து உறைய வெச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா. உறைய வைப்பதைப் பற்றி எனக்கே சொல்கிறார்.

மார்ச் 6
"கரண்ட் போனா?" என்று கேட்டேன்.
"இது கரண்டுல ஓடலம்மா. திரவ நைட்ரஜன்."
"அத ஊத்துறவரு லீவு போட்டா?"
டாக்டரம்மா சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "வைத்தியம் தள்ளிப்போகுதே. எனக்கு நீ இருந்தா போதும்" என்றார் வழியில்.
எனக்குப் போதாது.

மார்ச் 19
கருமுட்டைகளை எடுத்துவிட்டார்கள். வைக்கிற இடத்தைக் காட்டச் சொல்லி அடம்பிடித்தேன். பால் கேன் மாதிரி ஒரு தொட்டி, வெள்ளைப் புகை. மூடினார்கள்.
எதையோ மறந்த மாதிரி வீடு வரை உறுத்தல்.

மார்ச் 20
எதை மறந்தேன் என்று தெரிந்துவிட்டது. எங்கள் மீன் கிடங்கின் குளிர் அறையை யார் மூடினாலும் முதலில் "உள்ள யாரு?" என்று கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால்தான் தாழ். ஆள் மாட்டிக்கொண்டால் விறைத்துப்போவான் என்று நான் போட்ட சட்டம்.
நேற்று அந்தத் தொட்டியை மூடும்போது நான் கூப்பிடவில்லை.
பைத்தியமா எனக்கு?

ஏப்ரல் 2
முதல் மருந்து. ஒரே வாந்தி.

ஏப்ரல் 11
கிடங்கை நானே மூடினேன். "உள்ள யாரு?"
தட்டல். இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று. பெட்டிகளுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில்.
கூட நின்ற கிடங்கு மேஸ்திரிக்கும் கேட்டது. பெட்டிகளை எல்லாம் நகர்த்திப் பார்த்தோம், யாருமில்லை. "ஐஸு விரிசல் விடுதுக்கா" என்றார்.
ஐஸ் விரிசல் எனக்குத் தெரியாதா? அது கூப்பிட்டால் பதில் சொல்லாது.

ஜூன் 15
முடியெல்லாம் போச்சு. தினம் கூப்பிடுறேன், தினம் தட்டுது. மூடுற நேரத்துக்கு மேஸ்திரி டீக்கடைக்குப் போயிடறாரு. "உங்க மீனு, நீங்களே பேசிக்குங்கக்கா."
பயமாத்தான் இருக்கு. ஆனா தட்டாத அன்னிக்கு என்ன பண்ணுவேன்?

அக்டோபர் 8, மருந்து முடிந்த மறுவருஷம்
ஸ்கேனில் நோய் இல்லை. என் உடம்பில் இனி முட்டையும் இல்லை. தொட்டியில் இருப்பதுதான் மிச்சம். நாளை கரு உண்டாக்க அதை உருக்குகிறார்கள். உருகினால் திரும்ப வைக்க முடியாது.

அக்டோபர் 9
கூப்பிட்டேன். தட்டல் இல்லை.
தாழ் போடக் கை வரவில்லை.

மார்ச் 2
அன்றிலிருந்து கிடங்கில் சத்தமே இல்லை. மேஸ்திரி பழையபடி மூட வருகிறார். "மீனு ரோஷக்காரிக்கா, பேச்ச நிறுத்திடுச்சு" என்கிறார்.
இன்று அவர் போன பிறகு, என் ஐந்து மாத வயிற்றில் கை வைத்து மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன்.
சத்தமில்லை. கைக்குத்தான் தெரிந்தது. இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.