ஓரத்தில் நீ உட்கார்ந்திருந்தாய்

அரிசி டின்னைத் திறந்ததும் கற்பூர வாசனை மூக்கில் ஏறியது. கேமரா லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காது என்று யாரோ சொன்னதை நம்பிப் போட்டுவைத்த கற்பூரம். கட்டி கரைந்துபோய் வாசனை மட்டும் மிஞ்சியிருந்தது. லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் வெள்ளை வேர்கள் ஓடியிருந்தன. நம் ஊர் மூடுபனியில் ஏழு வருடம் பூட்டி வைத்தால் வேறென்ன ஆகும்.

யுத்தம் முடிந்து பாதை திறந்துவிட்டது என்று எங்கள் பள்ளி ஆசிரியர்கள் வருகிற விடுமுறையில் யாழ்ப்பாணம் போகிறார்கள். படம் எடுக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால் லென்ஸை ஹட்டனுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "இது இனி சரிவராது மிஸ். டூருக்குன்னா புது வைட் லென்ஸ் ஒண்ணு எடுங்க, படத்துல எல்லாம் விழும்," என்றார் ஸ்டூடியோக்காரர். எல்லாம் விழும் என்ற சொல்லைக் கேட்டதும், லென்ஸை எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கிவிட்டேன்.

டின்னில் லென்ஸுக்கு அடியில் ஒரு காகித உறை இருந்தது. அதற்குள் ஒன்பது படங்கள். ஒன்பதிலும் நீ இருக்கிறாய். நேற்று வரைக்கும் உன் அம்மாவுக்கு நான் அவற்றைக் காட்டியதில்லை.

அந்த லென்ஸை நாம் வாங்கியது சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருடம். பேராதனைப் பல்கலைக்கழகத்தை முடித்து, இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் நியமனம் கிடைத்திருந்தது. கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற என் அண்ணன், லென்ஸ் இல்லாத பழைய கேமரா ஒன்றைக் கொண்டுவந்து தந்திருந்தான். அதை எடுத்துக்கொண்டு அப்புத்தளையில் உன் சித்தி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சுற்றுவது என்று முடிவு செய்தோம். படிப்புக்கோ கல்யாணத்துக்கோ சாவுக்கோ அல்லாமல் நாம் போகப்போகிற முதல் பயணம்.

கண்டியில் பழைய சாமான் கடைக்காரர் இரண்டு லென்ஸை மேசைமேல் வைத்தார். கையிலிருந்ததற்கு ஒன்றுதான் வாங்கலாம்.

"இது இருபத்தெட்டு. இது அம்பது."

"அம்பதுதான கூட? அதையே எடுடி," என்றாய்.

அவர் சிரித்துவிட்டார். "அப்படி இல்ல தங்கச்சி. நம்பர் கொறையக் கொறைய அகலம் கூடும். அம்பதுல ஒரு மூஞ்சி நல்லா விழும். இருபத்தெட்டுல ஒரு மலையே விழும்."

"மலைய பொறந்ததுல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கோம். போட்டோவுலயும் அதையே பாக்கணுமா? எனக்கு மூஞ்சி போதும். அடையாள அட்டையில பாரு, போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருக்கேன்."

உனக்காக ஐம்பதை எடுத்திருப்பேன். ஆனால் கடைக்காரர் இருபத்தெட்டைக் கேமராவில் மாட்டி, என் கையில் தந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். நீ அதற்குள் சலித்துப்போய் வாசல் பக்கம் நின்றிருந்தாய்.

"கடிகாரத்தத்தான் பாக்குறீங்க. வாசல்ல நிக்கிற தங்கச்சியும் ஓரத்துல விழுறாங்க, தெரியுதா? ஆனா அது அவங்களுக்குத் தெரியாது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அதை வாங்கினேன். "கொஞ்சம் நில்லுங்க, ஒரு படம் எடுக்கிறேன்" என்று ஒரு மனிதரிடம் கேட்க எனக்கு வாய் வராது. அது உனக்குத் தெரியும். வகுப்பில்கூடப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் பின்சுவரைப் பார்த்துத்தான் பாடம் நடத்துவேன். இந்த லென்ஸ் இருந்தால் யாரையும் நேராகப் பார்க்க வேண்டியதில்லை. நான் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஆட்கள் தாமாக வந்து விழுவார்கள்.

விஷயத்தைச் சொன்னதும், "அப்ப இது களவாணி லென்ஸு," என்றாய். பேருந்தில் வரும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தாய்.

போகிற அன்று காலை உன் அம்மா வட்டகொடை ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். வேலைக்குப் பேர் கொடுக்க நேரே பெரட்டுக்குப் போக வேண்டியவர், கொழுந்துக் கூடையை ஸ்டேஷன் வேலியில் சாத்திவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார். "சின்னதுல இவளுக்கு நெஞ்சுல ஒரு நோவு இருந்துச்சு. டிக்கோயா ஆஸ்பத்திரியில காட்டி ஆறிருச்சு. ஆனாலும் மேடு ஏறயில பாத்துக்கம்மா."

"நான் பாத்துக்கிறேன் பெரியம்மா," என்றேன்.

அப்புத்தளைக்கு மேலே அந்த முகட்டுக்கு ஏறிய காலையை மனதுக்குள் எத்தனையோ தடவை திரும்ப ஏறியிருக்கிறேன். தேயிலைக்கு நடுவே படிக்கட்டு வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் கீழே சமவெளி இன்னும் அகலமாக விரிந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் இருந்தது. "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு," என்று நின்றுகொண்டே இருந்தேன். "நீ எடு. எத்தன மலை வேணும்னாலும் எடு, நான் இப்படி உக்காந்துக்கிறேன்," என்றாய். படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் நீ எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். "முடிஞ்சுதா மகாராணி? போவமா?"

உச்சியில் ஒருமுறை கேட்டாய். "கிட்டக்க வந்து என்னைய மட்டும் ஒண்ணு எடுடி." ஓரடி தூரத்தில் வந்து கேமராவுக்குள் பார்த்தேன். மூக்கு பெரிதாகவும் காதுகள் எங்கோ பின்னாலும் தெரிந்தன. "மூக்கு தக்காளி மாதிரி இருக்குடி, வேணாம்," என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தப் படத்தை நான் எடுக்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில் நீ உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. இதயத்தின் வால்வு பழுது என்றார்கள். சின்ன வயதிலிருந்தே ஆறாத பழுது. கிளினிக் அட்டை உன் பாடக்குறிப்புப் புத்தகத்துக்குள் இருந்தது. மாதாமாதம் நீ தனியாகப் போய் வந்திருக்கிறாய்.

அன்று சாவு வீட்டுக் கூட்டத்துக்கு நடுவில் உன் அம்மா என் கையைப் பிடித்தார். "டூர் போன எடத்துல அவளுக்கு எதுவும் முடியாம இருந்துச்சாம்மா?"

"இல்ல பெரியம்மா. சிரிச்சுக்கிட்டே இருந்தா."

நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

பிலிம் சுருளில் இன்னும் நாலு படம் மிச்சம் என்று அதைக் கழுவாமலே வைத்திருந்தேன். கருமாதிக்கு மாலை போட உன் படம் வேண்டும் என்றபோதுதான் கழுவக் கொடுத்தேன். ஸ்டூடியோ வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நடுவில் மலை. ஓரத்தில், பாறையிலோ படியிலோ, சின்னதாக நீ. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறாய். வாய் திறந்திருக்கிறது. வலது கை நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறது. ஒன்பது படத்திலும் அப்படியே.

முகத்தை மட்டும் பெரிதாக்க முடியுமா என்று கேட்டேன். "ஓரத்துல விழுந்தா மூஞ்சி இழுத்துரும் மிஸ்," என்றார்கள். கடைசியில் உன் அடையாள அட்டைப் படத்துக்குத்தான் மாலை போட்டோம்.

இந்த ஏழு வருடமும் உன் அம்மா லயத்து வீடுகளில் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த ரெண்டு நாளுதான் எம்புள்ள சந்தோசமா இருந்துச்சு. இந்தப் புள்ள அவள நல்லா பாத்துக்கிருச்சு." அதைக் கேட்கும்போதெல்லாம் பீலியடியில் தண்ணீர் பிடிக்க வைத்த குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். படங்களைக் கிழித்துப்போடவும் முடியவில்லை. காட்டினால் அந்த இரண்டு நாளையும் அவரிடமிருந்து பிடுங்கியதாகிவிடும். காட்டாவிட்டால், நான் செய்யாத ஒன்றுக்கு அவர் சாகும்வரை என்னைப் புகழ்ந்துகொண்டிருப்பார்.

நேற்று ஹட்டனிலிருந்து வந்ததும் உறையை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். அவர் வேலை விட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் உறையை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் நின்று ஒன்பதையும் பார்த்தார். பிறகு முதலிலிருந்து ஒருமுறை பார்த்தார்.

"எல்லாத்துலயும் நெஞ்சுல கைய வச்சிருக்கா."

"ஆமா பெரியம்மா."

"ஒங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல. நான் திரும்பிப் பாத்தா எந்திரிச்சுருவா."

"இங்கயும் அப்படித்தான். அடுப்புப் பக்கம் திரும்பி உக்காருவா. நான் வந்தா எந்திரிச்சுருவா." படங்களை விளிம்பு சேர்த்து அடுக்கினார். "அப்ப நீ எதம்மா பாத்துக்கிட்டு இருந்த?"

குரலில் கோபம் இல்லை. வைத்த பொருள் எங்கே என்று கேட்பதுபோல் கேட்டார்.

"மலைய," என்றேன்.

மேலே இருந்த படத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். அவருடைய பெருவிரல் உன்மேலிருந்து மெல்ல நகர்ந்து, பள்ளத்தைக் கடந்து, நடுவிலிருந்த அந்த மலையில் போய் நின்றது. அதை அதுவரை அவர் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

நாம் பரீட்சைப் பெறுபேற்றுத் தாளைக் கொண்டுபோய் நீட்டிய நாட்களில், எழுத்துத் தெரியாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு இதையே சொல்வாரே, அதே குரல். அவர் படங்களைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் குரலோடுதான் வீட்டுக்கு நடந்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் அந்தக் கோபத்தை எங்காவது இறக்கி வைத்திருப்பேன்.