நாலு காலமும் அதே ஹோட்டல்

இஞ்சாருங்கோ,

அந்தச் சுவிஸ் பனிச்சறுக்கு ஊருக்கு இலையுதிர் காலத்துக்கும் டிக்கெட் போட்டிருக்கிறீர்கள். நான் வரவில்லை.

பனிக்காலத்தில், சறுக்கத் தெரியாமல் வாடகைக்கு எடுத்த சறுக்குச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு ஹோட்டல் வாசலில் நின்றீர்கள். வசந்தத்தில் சேறு பார்த்தோம், கோடையில் மாடு பார்த்தோம். லண்டன் வருவதற்கு முன் நீங்கள் பதினொரு வருடம் சாப்பாட்டுக் கோப்பை கழுவிய அதே ஹோட்டலில், பழைய முதலாளி உங்களை விருந்தாளியாகக் காணவேண்டுமாம். இரண்டு முறை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

மூன்றாம் முறை, சாப்பிட்டு முடித்ததும் பக்கத்து மேசைக் கோப்பைகளையும் சேர்த்து அடுக்கித் தூக்கினீர்கள். அப்போதுதான் அவருக்கு உங்களை அடையாளம் தெரிந்தது. "பாத்தியே, மனுசன் என்னை மறக்கேல்லை" என்று விமானத்திலும் பூரித்தீர்கள்.

இங்கே லண்டனில், எங்கள் கிங்ஸ்பரி வீட்டில் நீங்கள் ஒரு கோப்பை கழுவி நான் கண்டதில்லை.

இப்படிக்கு,
கோப்பை கழுவும் சிங்குக்கு முன்னால் நிற்பவள்