சீயக்காய் அரைத்த ஞாயிறு

மார்ச் 5, வியாழன்

காலையில் தலைக்குக் குளிக்கும்போது ஒரு சந்தேகம். இருபத்தேழு வயதாகிறது, இத்தனை காலம் தேய்த்திருக்கிறேன், இந்தச் சீயக்காய் மரத்தில் காய்க்கிறதா, செடியிலா? அம்மாவுக்குத் தெரியவில்லை. பக்கத்து மாவு மில் ஜெயப்ரியா அக்கா ஞாயிறுதோறும் சீயக்காய்தான் அரைக்கிறாள், அவளுக்கும் தெரியவில்லை. "அரைக்கறதுதான்மா என் வேலை, அதும் வம்சத்தையா விசாரிப்பாங்க?" என்றாள். தறியில் உட்கார்ந்த பிறகும் அதே நினைப்பு. இரண்டு தடவை நூல் அறுந்தது. அப்பா முறைத்தார்.

ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். மாகறல் ஊர்க்காரர்கள். பையன் பெயர் தினேஷ். நான் யோசிக்க வேண்டியது அதைப் பற்றி!

மார்ச் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தினேஷுக்கு மூலிகை வாங்கி விற்கும் கம்பெனியில் வேலை. மலைக்கே போய்ச் சரக்கு எடுப்பாராம். "ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க" என்றார். என் வாயிலிருந்து வந்தது: "சீயக்காய் மரமா, செடியா?" அம்மா முதுகில் கிள்ளினாள். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டும் இல்லீங்க, முள்ளுக்கொடி. பக்கத்துல எந்த மரம் இருக்குதோ அது மேல ஏறிக்கும். காய் பறிக்கறவங்க கையெல்லாம் கீறலா இருக்கும்" என்று தன் கையையே நீட்டிக் காட்டினார். எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடிப்பது என்றால் இவ்வளவுதானா? இவ்வளவுதான் போலிருக்கிறது.

அவருடைய அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார். தன் கணவரிடம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி "எங்களுக்கு..." என்று ஆரம்பித்தார்.

அப்பா தும்மினார். ஒரே தும்மல்.

ஒற்றைத் தும்மல் அபசகுனம். இரட்டை என்றால் தோஷமில்லை. அம்மா அப்பாவை உள்ளே இழுத்துப்போய், "இன்னொண்ணு தும்முங்க!" என்று ஒரு பட்டு நூலைக் கொடுத்து மூக்கில் விடச் சொன்னாள். அப்பா திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார். வரவில்லையாம். "போய்த் தகவல் சொல்றோம்" என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள். பக்கத்து மில்லில் சீயக்காய் அரைபட்டுக்கொண்டிருந்தது.

மார்ச் 11, புதன்

வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 13, வெள்ளி

"அவ மெஷினு என் பொண்ணு வாழ்க்கையையே அரைச்சிடுச்சி" என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறாள். மில் பக்கத்து ஜன்னலை ஆணியடித்து மூடியாயிற்று. ஜெயப்ரியா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "உங்கப்பா இருபது வருஷமா இந்தப் பொடி நடுவுலதான் நெய்துக்கினு இருக்காரு. ஒரு தும்மல் நான் கேட்டதில்லைமா."

அட, ஆமாம். நானும் கேட்டதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

சோதித்துப் பார்த்துவிட்டேன். சூடு ஆறாத பொடி ஒரு கிண்ணம் வாங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்து சலித்தேன். எனக்கு ஆறேழு தும்மல். அம்மாவுக்கு என்னைத் திட்டக்கூட இடைவெளி கிடைக்கவில்லை. அப்பா பாட்டுக்கு நெய்துகொண்டிருந்தார். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனேன். "நல்ல வாசனை. வெந்தயம் போட்டிருக்காங்களா?" என்றார்.

அப்படியானால் அன்றைக்கு ஏன் தும்மினார்?

மார்ச் 16, திங்கள்

கேட்டேவிட்டேன். அப்பா தறியை நிறுத்தினார்.

"அந்தம்மா உன் கையைப் பார்த்துட்டு, 'காய்ப்பு காய்ச்சிருக்குது, தறியை வுட்டா சரியாப் பூடும்'னுச்சி. உனக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சி."

"அதுக்குத் தும்முவியாப்பா?"

"வூட்டுக்கு வந்தவங்க மூஞ்சிக்கு நேரா வேணாம்னு எப்படிமா சொல்றது? தும்மல்னா ஒருத்தருக்கும் மனஸ்தாபம் இல்ல."

நூலை மூக்குக்குக் கொண்டுபோகவே இல்லையாம்!

என் கைக்காகத் தும்மியிருக்கிறார். சரி. அதற்காக என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கல்யாணம் எனக்கா, அவருக்கா? "எனக்கு அவரைப் புடிச்சிருந்துச்சிப்பா" என்று கத்திவிட்டேன். அப்பா எழுந்து வெளியே போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

மார்ச் 18, புதன்

ஜாதகத்தோடு வந்த தினேஷ் நம்பருக்கு நானே போன் செய்தேன். தும்மல் பொய், காரணம் இது, தறியை நான் விடுவதாக இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். "அம்மாகிட்ட பேசறேங்க" என்றார்.

பேசுவாரா?

மார்ச் 22, ஞாயிறு

தும்மல் கதை தெரிந்ததும் அம்மா ஜன்னல் ஆணியைப் பிடுங்கிவிட்டாள். மில்லுக்கு ஒரு கிண்ணம் கேசரி போயிருக்கிறது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கேசரிதான்.

மார்ச் 29, ஞாயிறு

தினேஷ் வீட்டார் மறுபடி வந்தார்கள். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் அப்பா, "சகுனம் கிடக்கட்டும்மா. இந்தத் தபா பொண்ணைக் கேளுங்க" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்குச் சம்மதம். ஆனா நெய்யறதை வுடமாட்டேன்" என்றேன்.

தினேஷ் தன் அம்மாவைப் பார்த்தார். அந்தம்மா யாரையும் பார்க்காமல் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய், தறியில் கால் விடும் குழியை எட்டிப் பார்த்தார்.

"எங்க வூட்டுக் கூடத்துல டைல்ஸ் போட்டுட்டோம்" என்றார். "பின்கட்டு மண்ணுத் தரைதான். இது எவ்ளோ ஆழம் தோண்டணும்?"

அப்பா எழுந்து வந்தார். முழங்காலுக்கு மேலே கையை வைத்துக் காட்டினார்.