ஓனர் அங்க நிக்கறாங்க

வியாழன், இரவு

இன்று என் மகள் கவிதாவின் பட்டறைக்கு ஓசூர் கம்பெனி ஒன்றிலிருந்து பர்சேஸ் அதிகாரி வந்தார். ஆறு மாதமாக அவள் அலைந்து கேட்ட ஆர்டர். வந்தவர் மெஷின் அருகே நின்ற அவளைத் தாண்டி, சும்மா உட்கார்ந்திருந்த என்னிடம் செய்ய வேண்டிய இரும்புப் பாகத்தின் டிராயிங்கை நீட்டினார்.

"எத்தன நாள்ல முடிப்பீங்க சார்?"

"நான் ரிட்டயர்டு தமிழ் வாத்தியாருங்க. போல்ட்டைக் குடுத்தா இலக்கணக் குறிப்புதான் எழுதுவேன். ஓனர் அங்க நிக்கறாங்க."

சிரித்தார். அடுத்த கேள்வியையும் என்னிடமே கேட்டார். மகன் கடை வைத்தபோது யாரும் அவனை விட்டுவிட்டு என்னிடம் பேசியதில்லை.

கவிதா டிராயிங்கை வாங்கிப் பார்த்தாள். "சார், பிளேட்டே பன்னெண்டு எம்எம்தான். ஹோல் ஆழம் பதினஞ்சுன்னு போட்டிருக்கு. மிச்சம் மூணு எம்எம்ம டேபிள்லயா தோண்டறது?"

அவர் முகம் மாறியது. ஆர்டர் போயிற்று என்றே நினைத்தேன். அவர் ஆபீசுக்குப் போன் போட்டார். "டிராயிங் தப்புய்யா. நல்லவேளை, ஓனர் மேடம் கண்டுபிடிச்சாங்க."

ஆர்டர் கிடைத்துவிட்டது. அதன்பின் பேச்செல்லாம் அவளிடம்தான். கிளம்பும்போது எனக்கு ஒரு வணக்கம்கூட வைக்கவில்லை. ஒருவர் என்னைக் கண்டுகொள்ளாமல் போனதில் இத்தனை சந்தோஷம் எனக்கு என்றும் வந்ததில்லை.