முரடனை எப்போது இறக்குவது

ஜனவரி 18, ஞாயிறு

கடும் பனி. மாடியில் காய்ந்த துணியெல்லாம் மறுபடி ஈரம். நெட் மாடியில்தான் ஒழுங்காகக் கிடைக்கிறது. போர்வையைப் போர்த்திக்கொண்டு அங்கேயே போனில் மிருகச் சண்டை ஆட்டம்.

மண்டல அரையிறுதியில் வென்றேன்!!! முரடன் ஒருவனே எதிராளியின் மொத்த டீமையும் சாய்த்தான். என் செல்லக் காண்டாமிருகம். அடி என்றால் அப்படி ஓர் அடி. தோல்தான் மெலிசு, தண்ணீர் அடி ஒன்று பட்டால் காலி.

இறுதியில் யார் என்று பார்த்தால், ஷமீமா! கூத்தாநல்லூர்க்காரி, கல்லூரியில் என் பக்கத்து இருக்கை. ஜெயிக்கிற ஒருத்திதான் சென்னைக்கு, மாநிலப் போட்டிக்கு. மேடை, பெரிய திரை, நேருக்கு நேர் ஆட்டம். போயே ஆக வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். "மொதல்ல ஜெயி. அப்பறம் பாப்போம்." எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் 'இல்லை'.

ஜனவரி 20, செவ்வாய்

ரெக்கார்டு நோட்டு பாக்கி. ஷாம்பு தீர்ந்துவிட்டது.

ஞாயிறு வரை ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஷமீமாவோடு ஒப்பந்தம். கேன்டீனில் டீ வருவதற்குள் அவளே உடைத்தாள்.

"நீ எத மொதல்ல எறக்குவேன்னு எனக்குத் தெரியாதாடி? முரடன்தான். கீழ்வேளூர் புத்தி. தண்ணி வந்த அன்னிக்கே மொத்த மடையையும் தொறந்து விடுற ஆளுங்க நீங்க."

சுருக்கென்று வந்தது கோபம். "கடைமடைல வந்து வெவசாயம் பண்ணிப் பாரு. இன்னிக்கி வந்த தண்ணி நாளைக்கும் வரும்னு யாருடி சொன்னா?"

பஸ்ஸில் யோசித்தால், பாவி, சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முதலில் முரடன். கையில் இருப்பதை இப்போதே இறைக்காவிட்டால் போய்விடும் என்ற பயம். தோற்றதெல்லாம் அதனால்தான். எதிராளி தண்ணீர் மிருகத்தோடு காத்திருக்கிறான், நான் நேராகப் போய் முரடனை நிறுத்துகிறேன். வெட்கக்கேடு.

ஜனவரி 22, வியாழன்

மேகமூட்டம். கதிர் முற்றி நிற்கிறது. "மழ மட்டும் வந்துச்சு, அவ்ளோதான்" என்று அம்மா வானத்தையே பார்க்கிறாள். நான் போனையே பார்க்கிறேன்.

டீமில் புது ஆள். புல் வகை. 'கோரை' என்று பெயர் வைத்தேன். வயலில் பிடுங்கி மாளாத களை, அவ்வளவு சீக்கிரம் சாகாது என்ற நம்பிக்கைதான். அடிக்கத் தெரியாது. ஆனால் தண்ணீர் அடியை உறிஞ்சிவிடும், எதிரியின் காலைச் சுற்றி வேகத்தைக் குறைக்கும்.

கோரை முதலில். முரடன் கடைசியில். எழுதுவது சுலபம். பயிற்சியில் விரல் தானாக முரடன் மேல் போகிறது. சனியன் பிடித்த விரல்.

ஜனவரி 25, ஞாயிறு

வெயில். ஜெயித்துவிட்டேன்! ஜெயித்துவிட்டேன்! வரிசையாக எழுத வேண்டும்.

எதிர்பார்த்தபடியே ஷமீமா சுறாவை இறக்கினாள். கோரையைக் கண்டதும் சாட்டில், "யார்டி இது?" சுறா தண்ணீரைப் பீய்ச்சியது. கோரை குடித்துவிட்டு, போய் வாலைச் சுற்றியது. உள்ளுக்குள் 'முரடனை எடு, எடு' என்று ஒரே கூச்சல். எடுக்கவில்லை. சுறாவை உள்ளே இழுத்துக்கொண்டு, அடுத்து அவளுடைய நெருப்புக் கோழி. கோரை அதன் காலைச் சுற்றிவிட்டுத்தான் பொசுங்கியது. இரண்டுமே இப்போது நத்தை வேகம்.

அப்புறம்தான் முரடன். கோழி ஒரே அடி. சுறா வாயைத் திறப்பதற்குள் இன்னோர் அடி. கத்திய கத்தலில் கொல்லையிலிருந்து அப்பா மாடிக்கு ஓடி வந்துவிட்டார்.

ஷமீமா போன். மூக்குறிஞ்சும் சத்தம்.

"அழுவுறியாடி?"

"ஜலதோஷம். சென்னைல போயி பழைய புத்தியக் காட்டுன, கொன்னுருவேன்."

அவள் வைத்ததும் எனக்கும் அழுகை.

அப்பாவிடம், "சனிக்கிழமை சென்னைல ஆட்டம்பா" என்றேன். போனை வாங்கித் திரையைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். இறங்கிப் போய்விட்டார்.

இப்போது கீழே போனில் பேசிக்கொண்டிருக்கிறார். அறுவடை மெஷின்காரர் போல. இந்தச் சமயத்தில் மெஷினுக்கு முறை கிடைப்பதே குதிரைக் கொம்பு. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்:

"ஆமாங்க, சனிக்கிழம நம்ம மொறதான். அத அடுத்தாளுக்குக் குடுத்துடுங்க... இல்லங்க, ஊர்ல இருக்க மாட்டேன். பொண்ணுக்கு மெட்ராஸ்ல ஆட்டம்... என்ன ஆட்டமா? அதெல்லாம் சொன்னா ஒங்களுக்குப் புரியாதுங்க."