ரிம் பார்த்த வாரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பாகூர் ஏரிக்கு மேலே ஒரு மேகம் வந்தது. கடலூர் பஸ் மாதிரி நிற்காமல் போய்விட்டது. கடையில் ஜெராக்ஸ் மிஷின் பேப்பரை மென்று துப்புகிறது. டோனர் வாங்க வேண்டும். ஃபேன் துடைக்க வேண்டும் (ஜூனிலிருந்து).

சாயங்காலம் டெல்லி சைக்கிள் பந்தயக் கேம்ப்பிலிருந்து மகள் ஜோதியின் ஃபோன். டிராக் சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் வேண்டுமாம். இப்போது ஓட்டுவது கூட இருக்கும் பஞ்சாப் பெண் கொடுத்த இரவல் சக்கரம். மாதக் கடைசியில் செலக்‌ஷன். ரிம்மும், சக்கரத்தின் நடுவில் வரும் ஹப்பும் தனித்தனியாக வாங்கினால் அங்கேயே மெக்கானிக் கம்பி கோத்துக் கொடுப்பார்.

"நீயே ஆர்டர் போட்டுடுப்பா. சனிக்கிழமைக்குள்ள."

படம் அனுப்பியிருக்கிறாள். ஒரு ரிம் ஒல்லி, லேசு. இன்னொன்று உயரம், கனம். "எனக்கு லேசானது புடிச்சிருக்கு, டக்குனு கெளம்பும்" என்றாள். விஷயம் அங்கேயே முடிந்தது.

ஆனால் எங்கள் வழக்கமான பேச்சு இது: சாப்ட்டியா. சாப்ட்டேன். நீ? ம். வைக்கட்டாப்பா. இன்று ஜோதி ரிம்மைப் பற்றி, கேம்ப்பில் ஃபோனைத் திரும்ப வாங்கும்வரை பேசினாள். ஆகையால் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். நிபுணர் ஆலோசனைக்கு அந்தோணி சைக்கிள் கடை. நெல் மூட்டை ஏற்றும் சைக்கிள்களுக்கே பிறந்த கடை அது.

"மச்சான், கம்பி கோக்க முன்னாடி முப்பத்ரெண்டு ஓட்ட, பின்னாடி நாப்பது. கண்ண மூடிக்கினு வாங்கு. வெயிட்டு பின்னாடிதான வுழுது?"

டிராக் சைக்கிளுக்கு பிரேக்கே கிடையாது என்றதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். "பொட்டப்புள்ளய பிரேக்கில்லாத சைக்கிள்ள ஏத்தி வுட்டுக்கிற. நீயெல்லாம் ஒரு அப்பன்!"

நாற்பது ஓட்டைத் தீர்ப்பை ஜோ.விடம் அப்படியே ஒப்பித்தேன். தவறு என்று தெரியும். அவள் அனுப்பிய படத்திலேயே இரண்டு ரிம்முக்கும் முப்பத்திரண்டு ஓட்டை என்று எழுதியிருக்கிறது.

"அப்பா, நா இன்னா கேஸ் சிலிண்டரா கட்டிக்கினு போறன்?"

சிரித்தாள். மூச்சு முட்டச் சிரித்தாள். நானும். ஜோதியின் அம்மா கோகிலா போன பிறகு இந்த வீட்டுச் சுவர்கள் இவ்வளவு சத்தம் கேட்டிருக்காது. பல்லி பயந்து ட்யூப்லைட் பின்னால் ஓடியது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பக்கத்துத் தையல்கடை மல்லிகா பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டே: "ண்ணா, சாயங்காலமானா ஃபோன்ல ஒரே இளிப்பு. வில்லியனூர்ல யாரோ இருக்காங்கன்னு பேச்சு."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்."

மறுக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், இந்தத் தொப்பைக்கு, ஒரு வதந்தி கிடைப்பதே பெரிது. சட்டையை டக்-இன் செய்துகொண்டேன்.

கெட்டுப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் இன்றைய கேள்விகள்:
ஹப்பின் பக்கத் தட்டு பெரிதா, சின்னதா?
பேரிங் மூடியதா, குண்டு போட்டதா?
கறுப்பா, வெள்ளியா?
கேரியர் வைக்க முடியுமா? (அவசரத்துக்கு)

அவள் பதில்: பெரிது. மூடியது. எதுவானாலும். கேரியருக்குக் கொஞ்சம்தான் சிரித்தாள். பிறகு, "ஆர்டர் போட்டியாப்பா?"

"நாளைக்கு."

ஆகஸ்ட் 9, சனி

ஆர்டர் போடவில்லை. நெட் வேலை செய்யவில்லை என்று பொய். நெட் நன்றாகத்தான் இருந்தது, அதில்தான் நாள் முழுக்க ரிம் படங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ரிம் விற்கிறவனைவிட எனக்கு அதிகம் தெரியும். வாங்கத்தான் மனசில்லை. வாங்கிவிட்டால் அப்புறம் எதைக் கேட்பது?

ரசம். அப்பளம் கருகியது. சாப்பிட்டேன், பார்க்க யாரும் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

நல்ல மழை. கடைக்கு முன்னால் தண்ணீர்.

ஜோ. தானாகக் கூப்பிட்டாள். பஞ்சாப் பெண் சக்கரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாளாம். அவளுக்கும் செலக்‌ஷன், அவள் மேல் தப்பில்லை. இன்று எல்லோரும் டிராக்கில் சுற்ற, இவள் மேலே படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பிறகு மற்றவர்கள் சைக்கிளைத் துடைத்துக் கொடுத்தாளாம்.

குறையாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

"எந்த ரிம்முன்னா இன்னாப்பா. உருண்டா போதும்."

ஃபோனை வைத்தேன். லேசான ரிம், பெரிய தட்டு ஹப், இரண்டுக்கும் முப்பத்திரண்டு ஓட்டை. டீ ஆறுவதற்குள் ஆர்டர் முடிந்தது. முதல் நாளே முடிந்திருக்க வேண்டியது. பொருள் நேராக டெல்லிக்குப் போகும். எனக்கு வந்தது ஒரு மெசேஜ், "நன்றி வாடிக்கையாளரே".

ஆகஸ்ட் 14, வியாழன்

வெயில். ஃபோன் இல்லை. நேற்றும் இல்லை. நானே கூப்பிடலாம். கூப்பிட்டு?

மல்லிகா எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, வில்லியனூரோட சண்டையா?"

ஆமாம் என்றேன். பாவம், இரண்டு இட்லி கொண்டுவந்து கொடுத்தாள். இல்லாத பெண்ணுக்காக வாங்கித் தின்ற இட்லி. சட்னியில் காரம் ஜாஸ்தி.

டோனர் வாங்கியாயிற்று. ஃபேன் அப்படியே.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேகமூட்டம். நாள் பூரா சாதிச் சான்றிதழ் காப்பி எடுக்கிற கூட்டம்.

மாலையில் ஜோ.விடமிருந்து ஒரு வீடியோ. ஸ்டாண்டில் மாட்டிய சைக்கிள், பின் சக்கரம் சுற்றுகிறது. முகம் தெரியவில்லை. பெடலைச் சுழற்றிவிடும் விரல்கள் மட்டும், நகத்தில் கிரீஸ். பிறகு படம் தரையைக் காட்டுகிறது. நிறுத்த மறந்துவிட்டாள் போல. மதுரைப் பக்கத்துப் பேச்சில் ஒரு பெண் குரல்:

"சூப்பரா இருக்குடி. யாரு செலக்ட் பண்ணது?"

"எங்கப்பா. ஒண்ணும் புரியலன்னு வாரம் பூரா கேட்டுக்கினே இருந்தாரு."

"நெசமாவே புரியலையாக்கும்?"

"அதெல்லாம் நல்லா புரியும் அவுருக்கு. வூட்ல தனியா இருக்காரில்ல. கேக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அதோடு நின்றுவிட்டது.

எத்தனை தடவை போட்டுப் பார்த்தேனோ. காப்பிக்கு நின்ற ஆள் இருமினார். கடைசியில் பதில் எழுதினேன்: "சக்கரம் நேரா ஓடுது. நல்லாருக்கு." அனுப்பிய பிறகு இன்னொரு வரியும் போட்டேன்: "வீடியோல சத்தம் வரலம்மா."